கொக்கு நிற்க இடம் கொடுக்காதீர்கள்: பெங்களூரு வீட்டுக் குளத்து மீன்களுக்கு ஒரு காவல் வழிகாட்டி

பெங்களூரில் வீட்டுத் தோட்டத்தில் பத்தடிக்கு ஆறடியில் ஒரு குளம் கட்டி நாலு கோய் மீன் (வண்ண அலங்காரக் கெண்டை) விட்டால் போதும், பக்கத்து ஏரிக்குச் சேதி போய்விடும். அல்சூர், ஹெப்பாள், மடிவாளா, அகரா, ஜக்கூர் என்று எந்தப் பக்கம் குடியிருந்தாலும் கொக்கு பறந்து வரும் தூரத்தில் ஓர் ஏரி இருக்கவே செய்கிறது. கோடையில் ஏரி ஓரங்கள் வற்றத் தொடங்கினால், ஆழம் குறைவான தெளிந்த தண்ணீரும் அதில் ஆரஞ்சு நிற மீனும் எங்கே என்று பறவைகள் தேடும். நம் வீட்டுக் குளம் அதற்கென்றே போட்ட இலை மாதிரி இருக்கும்.

புதிதாகக் குளம் வைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பறவையை விரட்டும் சாமானைத்தான்: பளபளக்கும் நாடா, ஆந்தைப் பொம்மை, காற்றில் சுற்றும் காற்றாடி. கொக்குத் தலையில் வெண்ணெய் வைக்கிற கதைதான் அது. பறவை வந்து நிற்க இடமில்லாமல் செய்வதும், மீனுக்கு ஒளிய இடம் கொடுப்பதும், மேலே ஒழுங்கான வலை கட்டுவதும்தான் வேலை. விரட்டும் சாமான்களைக் கடைசியில் யோசித்தால் போதும்.

முதலில், எடுத்தது யார்?

மீன் குறைந்ததும் கொக்கின் மேல் பழி போடுவதற்கு முன் குளத்தைச் சுற்றி மூன்றடி தூரம் வரை தரையைப் பாருங்கள். புதுத் தண்ணீர் விட்ட அன்றும் பெருமழைக்குப் பிறகும் மீன் துள்ளி வெளியே விழும். எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்தால் செடி மறைவில் காய்ந்த உடல் கிடைக்கும். இன்னொன்று: தண்ணீரில் அமோனியா ஏறி இரவில் செத்து மிதந்த மீனைக் காலையில் காகமோ பருந்தோ தூக்கிக்கொண்டு போகும். பார்த்தவர் பருந்து பிடித்துவிட்டது என்பார். வலை கட்டிய பிறகும் மீன் செத்து மிதந்தால், குற்றவாளி தண்ணீர்தான். மீன்கடையில் கிடைக்கும் அமோனியா சோதனைத் திரவத்தை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பறவைதான் என்றால் எது என்பதற்கும் அடையாளம் உண்டு. குருட்டுக் கொக்கு, அதாவது மடையான், ஒன்றரை அடி நீளம் கூட இருக்காது. மண் நிறத்தில் கரையோரம் சிலை போல நிற்கும். பத்தடியில் நீங்கள் நடந்து போனாலும் அசையாது. பறக்கும்போதுதான் வெள்ளை இறக்கை பளிச்சென்று தெரியும், அப்போதுதான் அது அங்கே இருந்ததே நமக்கு உறைக்கும். இது எடுத்த மீனுக்குத் தடயம் இருக்காது. கரைக் கல்லில் சுண்ணாம்பு ஊற்றியது போல நீளமான எச்சமும், தப்பிய மீனின் முதுகில் குத்துக் காயமும் இருந்தால் அதுதான்.

சின்ன மீன்கள் மட்டும், விரல் நீளத்துக்குள் இருப்பவை, ஒவ்வொன்றாகக் குறைந்தால் மீன்கொத்தி. கன்னடக்காரர் மிஞ்சுள்ளி என்பார்கள். பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, சிவந்த அலகோடு கேபிள் டிவி ஒயரில் உட்கார்ந்திருப்பதுதான் ஊரில் அதிகம். அது வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் கீழே எச்சமும், மீன்முள் கலந்த சின்ன உருண்டைகளும் கிடக்கும். ராத்திரியில் மட்டும் மீன் குறைகிறது, இருட்டில் “வக், வக்” என்று தவளை போல ஒரு குரல் கேட்கிறது என்றால் இராக்கொக்கு. வக்கா என்ற பெயரே அந்தக் குரலால் வந்தது. அடுக்குமாடி வளாகங்களின் பெரிய குளங்களில் நீர்க்காகமும் இறங்கும். அது தண்ணீருக்குள் மூழ்கித் துரத்துவதால் ஆழமும் கரையும் அதைத் தடுக்காது, வலை ஒன்றுதான் தடுக்கும். செதிலும் பாதி தின்ற உடலும் சாய்ந்த செடித்தொட்டியும் கிடந்தால் பறவையே இல்லை, பூனை.

கரையைச் சரிசெய்வது

மடையான் பெரும்பாலும் நின்றுதான் வேட்டையாடும். கால் முட்டி நனையும் ஆழத்தில் நிற்க ஒரு விளிம்பு போதும். குளம் கட்டும் மேஸ்திரிகள் அழகுக்காக உள்ளே படி படியாக இறக்குவார்கள், செடி வைக்க ஒரு திட்டும் விடுவார்கள். கொக்குக்கு அது நாற்காலி. இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் சுவரைச் செங்குத்தாக இறக்கச் சொல்லுங்கள்; கரை ஓரத்திலேயே இரண்டடி ஆழம், நடுவில் இரண்டரை முதல் மூன்றடி. கோய் மீனுக்கும் அந்த ஆழம்தான் நல்லது. தண்ணீர் மட்டம் கரையின் மேல்விளிம்புக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே நிற்கட்டும். தளும்ப நிறைத்தால் கரையில் நின்றே எட்டிக் கொத்த வாகாகிவிடும்.

ஏற்கெனவே படி வைத்துக் கட்டிய குளம் என்றால் இடிக்க வேண்டாம். அந்தத் திட்டு முழுக்கச் செடித்தொட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குள் இரண்டு அங்குலத்தில் நின்றால் அதன்மேலேயே மடையான் ஏறி நிற்கும். ஒன்று, செடி அடர்ந்து தண்ணீருக்கு மேலே எழ வேண்டும். இல்லையென்றால் தொட்டி ஓரடிக்குக் கீழே இறங்க வேண்டும். நடுவில் வைத்த புத்தர் சிலை, செயற்கை நீரூற்றின் கல், பம்ப் மேல் கவிழ்த்த வாளி எல்லாம் நிற்கும் இடங்களே.

உள்ளே வெள்ளை அல்லது நீல டைல்ஸ் ஒட்டாதீர்கள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மீன் தட்டில் வைத்த மாதிரி தெரியும். கறுப்புத் தார்ப்பாய் லைனர் அல்லது கறுப்புப் பூச்சு பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒளியும் இடம்

நாலு அங்குல பி.வி.சி. பைப்பை ஓரடித் துண்டுகளாக அறுத்து, வெட்டிய வாயை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, அடியில் கிடத்துங்கள். ஐந்து மீனுக்கு மூன்று துண்டு என்பது குறைந்தபட்சம். அரையடி தாண்டிய கோய்க்கு ஆறு அங்குல பைப் தேவை. இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், ஒரு வாய் அடைபட்டால் உள்ளே தண்ணீர் தேங்கிக் கெடும். பெரிய குளத்தில் சாதரஹள்ளிக் கருங்கல் பலகை ஒன்று, மூன்றடிக்கு ஓரடி, இரண்டு கல்லின் மேல் ஒன்பது அங்குல உயரத்தில் வைத்தால் மொத்தக் கூட்டமும் அதன் அடியில் போய்விடும். புது சிமெண்ட் கல்லைக் கால் கொடுக்க வைக்காதீர்கள், சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரம் ஏறும்.

அல்லி இலை மேற்பரப்பில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு மூடலாம். முழுக்க மூடவிட்டால் விடிகாலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் வாயைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், சரியாகக் கொக்கு வரும் நேரத்தில். வெங்காயத்தாமரையை நம்ப வேண்டாம்: அது கெட்டியாகப் படர்ந்தால் மடையான் அதன் மேலேயே நடக்கும். அல்லி இலை அந்த அளவுக்கு எடை தாங்காது. பறித்த வெங்காயத்தாமரையை ஏரிக் கால்வாயில் போடாதீர்கள், காய வைத்து உரக்குழியில் போடுங்கள்.

தீனி போடும் பழக்கமும் இதோடு சேர்ந்தது. விடிகாலையும் அந்தியும் வேட்டை நேரம். அப்போது தீனி போட்டால் மீன் மேலே வந்து நிற்கக் கற்றுக்கொள்கிறது. ஒயரில் இருக்கும் மீன்கொத்தியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல், மறைவிடத்தின் பக்கமாக, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள்.

வலை: எதை வாங்குவது

இந்த ஊரில் வலை என்றதும் பால்கனிக்குப் புறா வலை கட்டுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் புறாவுக்குச் செய்த பெரிய கண் வலை குளத்துக்கு ஆகாது. சின்ன நீல மீன்கொத்தி மொத்தமே சாண் நீளத்துக்குள், ஐந்து சென்டிமீட்டர் கண்ணுக்குள் இறக்கையை மடக்கிப் புகுந்துவிடும். புகுந்தால் வெளியே வரத் தெரியாமல் அடித்துக்கொண்டு சாகும். வலைக்கண் 20 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும்.

கடையில் ஒரு குழப்பம் வரும். சிலர் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளப்பார்கள், சிலர் கண்ணை முழுக்க இழுத்து அளப்பார்கள். முதல் கணக்கில் 20 என்பது இரண்டாவது கணக்கில் 40. கையில் ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய் முடிச்சுக்கு முடிச்சு நீங்களே அளந்துவிடுங்கள்.

நைலான் வலை ஈரம் குடித்து நீளும். ஆடியில் இறுகக் கட்டியது ஐப்பசி மழையில் தொட்டில் போலத் தொங்கும். வெயில் தாங்கும்படி பதப்படுத்திய எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் முறுக்கு நூல் வலை நல்லது. தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத வலையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது கழுத்தையும் இறக்கையையும் அறுக்கும், தவளை தேடி வரும் சாரைப்பாம்பும் தண்ணீர்ப்பாம்பும் அதில் மாட்டிச் சாகும். இதே காரணத்துக்காகத்தான் தரையைத் தொடும் பக்கவாட்டுக்குத் தொளதொள வலை கூடாது. அங்கே விறைப்பான கம்பி வலை வேண்டும்.

பத்துக்கு ஆறடிக் குளம், சுற்றிலும் ஒன்பது அங்குலக் கரை, இதற்கான கணக்கு இது. இரும்புச் சாமான் கடைகள் உள்ள எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும்.

– ஒரு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய், 6 மீட்டர் நீளத்தில் 3
– 2 மி.மீ. ஸ்டீல் வயர் ரோப் 18 மீட்டர், சின்ன டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு) 2, வயர் கிளாம்ப் 8
– எச்.டி.பி.இ. வலை, ஆறரைக்கு எட்டடித் துண்டு 2
– அரை அங்குலக் கண் உள்ள, பிளாஸ்டிக் பூசிய வெல்ட் மெஷ் (விறைப்பான கம்பி வலை), மூன்றடி அகலச் சுருளில் 20 அடி
– வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை 250
– கீல் 3, துரு தடுக்கும் பிரைமரும் பெயிண்டும்

1. முதல் இரண்டு குழாயிலும் 11 அடி, 7 அடி, 15 அங்குலம் என்று ஒவ்வொரு துண்டு வெட்டுங்கள். மூன்றாவதில் 7 அடித் துண்டு இரண்டும், 15 அங்குலக் கால் நான்கும் வரும். 11 அடித் துண்டுகளைப் பாதியாக அறுத்தால் ஐந்தரை அடி நான்கு.

2. ஐந்தரைக்கு ஏழடியில் இரண்டு சட்டம் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். முதல் சட்டத்துக்கு நான்கு மூலையிலும் கால். இரண்டாவதற்கு வெளிப்பக்க மூலைகளில் மட்டும் இரண்டு கால். உள்பக்கத்தை முதல் சட்டத்தோடு கீல் போட்டுச் சேர்க்க வேண்டும். இப்போது இரண்டாவது பாதியைத் தூக்கி முதல் பாதியின் மேல் மடக்கலாம். ஒரே துண்டாகச் செய்தவர்கள் மோட்டார் கழுவ ஒவ்வொரு முறையும் வலையை அறுக்கிறார்கள், அப்புறம் திரும்பக் கட்டுவதில்லை.

3. வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே முதலில் துருப்பிடிக்கும், ஆகவே பிரைமர் இரண்டு முறை. ஜி.ஐ. எதையும் தண்ணீருக்குள் மூழ்க வைக்காதீர்கள். கரையும் துத்தநாகம் மீனுக்கு விஷம்.

4. ஒவ்வொரு சட்டத்திலும் ஐந்தரை அடி வாக்கில் நான்கு வரிசை வருமாறு வயர் ரோப்பை ஒரே கம்பியாக நெளித்து இழுங்கள். வரிசைக்கு வரிசை சுமார் 17 அங்குலம். கையால் இழுக்க முடிந்தவரை இழுத்துவிட்டு, கடைசி முனையில் டர்ன்பக்கிள் போட்டு முறுக்குங்கள். இந்தக் கம்பி இல்லாவிட்டால் வலை நடுவில் தொய்ந்து, கொக்கு அதன் மேல் நின்று அழுத்தித் தண்ணீரை எட்டிவிடும். கால் 15 அங்குலம், கரைக்கும் தண்ணீருக்கும் மூன்று அங்குலம், ஆக ஒன்றரை அடி இடைவெளி. அந்த உயரத்திலிருந்து மடையானின் அலகு எட்டாது.

5. வலையைச் சட்டத்தின் மேல் விரித்து, நாலு பக்கமும் ஆறு அங்குலம் உள்மடித்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களாகக் கட்டிக்கொண்டு போனால்தான் சுருக்கம் விழாது. உள்ளங்கையால் நடுவில் அழுத்தினால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் தாழக் கூடாது.

6. வெல்ட் மெஷ்ஷை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 18 அங்குல அகலத்தில் 40 அடி கிடைக்கும். சட்டத்தின் சுற்றளவு 36 அடி. மேல் விளிம்பைச் சட்டத்தில் கட்டி, கீழ் மூன்று அங்குலத்தை வெளிப்பக்கமாக மடக்கிக் கரையில் படிய விடுங்கள். கீல் வரும் இடத்தில் இரண்டு பாதிக்கும் தனித்தனியாக வெட்டி ஓரடி அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கும்படி விட வேண்டும், இல்லாவிட்டால் மடக்க முடியாது. வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கம் வளைத்துவிடுங்கள்.

7. முடிந்ததும் குனிந்து, கொக்கின் உயரத்திலிருந்து நாலு மூலையையும் பாருங்கள். இடைவெளி எப்போதும் மூலையில்தான் இருக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வலையைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு குழந்தையின் எடை தாங்க வலைக்குப் பதில் கனமான கம்பி கிரில் வேண்டும், அது வேறு கணக்கு.

இன்றைக்கே மீன் போயிற்று, வெல்டர் அடுத்த வாரம்தான் வருவார் என்றால், பாதி நிழல் தரும் பச்சை ஷேட் நெட்டை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி வையுங்கள். பதினைந்து நாள் சமாளிக்கும்.

வலை பிடிக்காதவர்களுக்கு

குளத்தின் அழகு கெடும் என்று தயங்குபவர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓரடிக்கு ஒன்று என்று கயிறு இழுக்கலாம். பருந்தையும் பெரிய நாரையையும் அது தயங்க வைக்கும். மீன்கொத்தி இடையில் பாயும், மடையான் கரையோரம் குனிந்து நுழையும். கரையைச் சுற்றி அரையடி, ஓரடி உயரங்களில் இரண்டு கம்பி கட்டுவதும் நடந்து வருவதை மட்டும் தடுக்கும். கயிறு வெள்ளையாக, தடிமனாக இருக்கட்டும். பட்டம் விடும் மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் கொக்குப் பொம்மை வைத்தால் நிஜக் கொக்கு வராது என்பார்கள். கூட்டமாக மேயும் வெள்ளைக் கொக்குக்கு இன்னொரு கொக்கு நிற்பது “இங்கே மீன் இருக்கிறது” என்ற விளம்பரம். ஆந்தைப் பொம்மையும் பழைய சி.டி.யும் ஒரு வாரம் தாங்கும். அப்புறம் ஆந்தையின் தலையிலேயே காகம் உட்காரும். இடத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் கருவி இவற்றில் உருப்படியானது. ஆனால் அது உடல் வெப்பத்துக்கும் பின்னணி வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து வேலை செய்வதால், ஏப்ரல் நண்பகலில் சூடான கருங்கல்லுக்கு முன்னால் தடுமாறும். பேப்பர் போடுகிறவரையும் நனைக்கும். குடிநீர்க் குழாயில் இணைக்காதீர்கள்: 2024 மார்ச் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் குடிநீரைத் தோட்டத்துக்கும் நீரூற்றுக்கும் விடுவதற்குக் குடிநீர் வாரியம் தடை போட்டு, 5,000 ரூபாய் அபராதம் என்றது. மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பை வைத்துக் குளத்துத் தண்ணீரையே எடுத்துக் குளத்துப் பக்கமே பீய்ச்சும்படி அமைத்தால் தண்ணீர்ச் செலவும் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. சென்சாரும், பம்பை ஓடவைக்கும் ரிலே ஸ்விட்சும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். உறிஞ்சும் முனையில் வடிகட்டி வையுங்கள், பாசி ஒரு வாரத்தில் நாசிலை அடைக்கும்.

மொட்டை மாடித் தொட்டி

தொட்டிக்குச் சட்டம் எல்லாம் வேண்டாம். வாயளவுக்கு வெல்ட் மெஷ் வெட்டி, சுற்றிலும் இரண்டு அங்குலம் கீழே மடக்கினால் மூடி ஆயிற்று. காற்றுக்குப் பறக்காமல் இருக்க இரண்டு கொக்கி. மாடித் தளத்தில் டிரில் போட்டு எதையும் பொருத்தாதீர்கள், வாட்டர்ப்ரூஃபிங் போய்விடும். மாடியில் குளமே கட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஓரடித் தண்ணீர் சதுர மீட்டருக்கு 300 கிலோ. மனிதர் ஏறும் மாடிக்கு ஐ.எஸ். 875 தரநிலை எடுத்துக்கொள்ளும் பாரம் அதில் பாதிதான். பொறியாளரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

பராமரிப்பு

பிப்ரவரி, மார்ச்சில் டபேபுயா பூ உதிரும்போது வலை மேல் இளஞ்சிவப்புப் பாய் விரியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நனைந்தால் வலை தொய்யும். வாரம் ஒருமுறை மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் கேபிள் டைகளைப் பாருங்கள். வலை நூலை நகத்தால் சுரண்டிப் பொடி உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது, மாற்ற வேண்டும்.

பறவை தாக்கிய பின் மிஞ்சிய மீன்கள் சில நாள் வெளியே வராது, தின்னாது. தீனியைக் கொட்டித் தண்ணீரைக் கெடுக்காதீர்கள். குத்துப்பட்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, காற்று மோட்டார் போட்டு, அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு 3 கிராம் வீதம், அதாவது 100 லிட்டருக்கு 300 கிராம், ஒரு நாளில் மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள். இதைக் குளத்திலேயே செய்தால் செடி வாடும்.

கொக்கு, மீன்கொத்தி, பருந்து எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கண்ணி, பசை, விஷம், கவண் எதுவும் குற்றம். கூட்டையும் முட்டையையும் கலைக்கக் கூடாது. வலையில் ஏதாவது மாட்டிவிட்டால் இழுக்காதீர்கள். தடித்த துண்டால் தலையோடு மூடுங்கள். கொக்கு நேராகக் கண்ணைத்தான் குத்தும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உடலில் சுற்றிய நூலைப் பிரிக்க முயலாமல், சுற்றியுள்ள வலையை வெட்டி அப்படியே காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். தண்ணீரோ தீனியோ வாயில் ஊற்ற வேண்டாம். கர்நாடக வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, பெட்டியை இருட்டான அறையில் சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். வெட்டிய வலையில் அன்றைக்கே ஒட்டுப் போடுங்கள், மறுநாள் விடிவதற்குள்.